எறும்பிடம் படிக்கும் இயந்திரமும் எமது பிள்ளைகளின் படிப்பும்

கலாநிதிப் பட்ட ஆராய்ச்சி என்பது கொழும்பிலும் கண்டியிலும் உள்ள பெரிய இடத்துப் பிள்ளைகளுக்கு உரியது என்ற எண்ணம் எமது மக்களிடையே ஊறிப்போயிருக்கின்றது. வயற்காணியை இழந்து, உறவினரின் வளவில் கொட்டில் போட்டு, போகத்துக்குப் போகம் கூலி வேலை தேடும் குடும்பத்திடம் அதைப் பற்றிப் பேசுவது பசித்தவனுக்குப் பஞ்சாங்கம் வாசிப்பது போன்றது என்று சிலர் சொல்லக்கூடும். அக்கருத்தில் நியாயம் உண்டு. ஆயினும் அதை முழுமையாக ஏற்றுக்கொள்ள நாம் தயாராக இல்லை.

உலகப் பல்கலைக்கழகங்கள் இன்று ஆராய்ச்சி மாணவர்களைத் தேடிக்கொண்டிருக்கும் துறைகளுள் திரள் ரோபோவியல் ஒன்று. அதனோடு ஒட்டிய இன்னொன்று உட்பொதிந்த நுண்ணறிவு. பெயர்களைக் கேட்டால் மலைப்பாக இருக்கும். பொருளோ வயலிலும் வரம்பிலும் வாழ்ந்தவர்களுக்கு அந்நியமானதல்ல. இந்த ஆராய்ச்சி எங்கோ ஓரிடத்தில் முடிவடைந்து ஒரு நாள் இயந்திரமாகக் கல்முனைக்கும் சம்மாந்துறைக்கும் நிந்தவூருக்கும் வரத்தான் போகின்றது. அது யாருடைய வயலை மனதில் வைத்துச் செய்யப்பட்டதாக இருக்கும் என்பதே எமது கேள்வி. அக்கேள்வியைக் கேட்கக்கூடிய பிள்ளைகள் அந்த ஆய்வுகூடங்களுக்குள் இருக்க வேண்டும் என்பதே எமது கருத்து.

தலைவன் இல்லாத வேலை

எறும்புக்குத் தலைவனும் இல்லை, கண்காணியும் இல்லை. ஆயினும் அது காலமறிந்து உணவு சேர்க்கின்றது என்று சோம்பேறிக்குப் புத்தி சொல்லும் பகுதி விவிலியத்தின் நீதிமொழிகள் 6ஆம் அதிகாரத்தில் உண்டு. திருக்குர்ஆனின் 27ஆம் அத்தியாயத்தின் பெயரே எறும்புகள் என்பதாகும். இரண்டு வேதங்களும் காட்டிய சிற்றுயிரை விஞ்ஞானிகளும் ஊன்றிப் பார்த்தனர்.

1959ஆம் ஆண்டில் பியர் போல் கிராசே என்ற பிரெஞ்சு விஞ்ஞானி கறையான் புற்றுக் கட்டும் விதத்தை விளக்கினார். எந்தக் கறையானிடமும் வீட்டுப் படம் இல்லை, மேசன் இல்லை, கட்டளையும் இல்லை. ஒரு கறையான் வைத்த மண்ணுருண்டையே அடுத்த கறையானுக்கு அறிவித்தல். அதைக் கண்டதும் தன் உருண்டையை அதன் பக்கத்தில் வைக்கின்றது. இவ்வாறு அருகிலுள்ளதை மட்டும் பார்த்துச் செய்யும் சிறு சிறு வேலைகள் சேர்ந்து ஆளுயரப் புற்றாக எழுகின்றன.

எறும்பின் வழியும் அப்படியே. இரைக்குப் போகும் எறும்பு நிலத்தில் ஒருவகை வாசனையை விட்டுச் செல்லும். குறுக்கு வழியில் போன எறும்பு விரைவாகத் திரும்பிவிடும். அதனால் அவ்வழியில் வாசனை விரைவாகச் சேரும். சுற்றுவழியின் வாசனை மெல்ல மறைந்துபோகும். சற்று நேரத்தில் முழுக்கூட்டமும் குறுக்கு வழியில் போகும். தூரத்தை எந்த எறும்பும் அளந்ததில்லை. இத்தாலியரான மார்க்கோ டொரிகோ இவ்விதியைக் கணக்காக மாற்றி, 1992இல் மிலான் நகரத்தில் தமது கலாநிதிப் பட்ட ஆய்வாகச் சமர்ப்பித்தார். லொறிகள் போகும் பாதைகளையும் தொலைபேசி இணைப்புகளின் பாதைகளையும் தீர்மானிப்பதற்கு அந்தக் கணக்குப் பின்னர் பயன்பட்டது.

இதே விதியைச் சிறு இயந்திரங்களுக்குக் கொடுப்பதுதான் திரள் ரோபோவியல். விலை கூடிய ஒரு பெரிய இயந்திரத்துக்குப் பதிலாக, மலிவான சிறு இயந்திரங்கள் பலவற்றை ஒன்றாக வேலை செய்ய விடுவது. ஒன்று பழுதடைந்தால் மற்றவை வேலையைத் தொடரும். உட்பொதிந்த நுண்ணறிவு என்பது அந்தச் சிறு இயந்திரத்தின் வயிற்றுக்குள் இருக்கும் சில்லு, தொலைவிலுள்ள பெரிய கணினியைக் கேட்டுக்கொண்டிராமல், கண்டதை அந்த இடத்திலேயே விளங்கி முடிவெடுப்பது. மின்சாரமும் தொலைபேசிச் சமிக்ஞையும் சரியாகக் கிடைக்காத வட்டைகளுக்கு இது எவ்வளவு பொருத்தமானது என்பதை நாம் சொல்ல வேண்டியதில்லை.

ஆய்வுகூடங்களில் நடப்பது

டொரிகோ பின்னர் பெல்ஜியத்தின் பிரசல்ஸ் நகரிலுள்ள பல்கலைக்கழகத்தின் இரிடியா ஆய்வுகூடத்தில் இத்துறையை வளர்த்தார். 2001 முதல் 2005 வரை ஐரோப்பிய ஒன்றியத்தின் பணத்தில் அங்கு நடந்த திட்டத்தில், சிறு ரோபோக்கள் ஒன்றையொன்று கௌவிப் பிடித்து, தனியாகக் கடக்க முடியாத பள்ளத்தைச் சேர்ந்து கடந்தன. 

அமெரிக்காவின் ஹாவார்ட் பல்கலைக்கழகத்தில், பஞ்சாப் மாநிலத்தின் அமிர்தசரஸ் நகரில் வளர்ந்த ராதிகா நாக்பால் என்ற பெண் பேராசிரியரின் குழுவினர் 1,024 சிறு ரோபோக்களை ஒரே மேசையில் விட்டனர். ஒவ்வொன்றும் 3.3 சென்ரிமீற்றர் அகலம். உதிரிப் பாகங்களின் விலை சுமார் 14 டொலர். பக்கத்திலுள்ள ரோபோவுடன் மட்டுமே அவை பேசின. மேலிருந்து எவரும் நடத்தாமல் அவை நட்சத்திர வடிவமாக அணிவகுத்தன. அதே குழுவினர் கறையானைப் பார்த்துக் கட்டை அடுக்கும் ரோபோக்களையும் செய்தனர். இரண்டும் 2014ஆம் ஆண்டில் 'சயன்ஸ்' சஞ்சிகையில் வெளிவந்தன. நாக்பால் இப்போது பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் பணியாற்றுகின்றார்.

அயலிலும் இவ்வேலை நடந்திருக்கின்றது. பெங்களூரிலுள்ள இந்திய விஞ்ஞான நிறுவகத்தில் ஓர் ஆராய்ச்சி மாணவரும் அவரது பேராசிரியரும் 2005ஆம் ஆண்டில் மின்மினிப் பூச்சிகளின் ஒளியைப் பின்பற்றி ஒரு தேடும் முறையை வகுத்தனர். எமது நாட்டில் பேராதனைப் பல்கலைக்கழகத்தின் கணினிப் பொறியியல் துறை மாணவர்கள் 'பெரா ஸ்வோர்ம்' என்ற பெயரில் ஒரு சிறு ரோபோத் திரளைத் தாமே செய்துள்ளனர். உண்மையான சில ரோபோக்களும் கணினித் திரைக்குள் மட்டும் இருக்கும் ரோபோக்களும் ஒரே கூட்டமாக இயங்குவது அதன் சிறப்பு. நூறு ரோபோக்களுக்குப் பணமில்லாதவர்கள் சிலவற்றைச் செய்து, மிகுதியைக் கணினிக்குள் வைத்துக்கொண்டனர். வறிய நாட்டின் புத்திக்கு இது நல்ல உதாரணம்.

இதில் மிகைப்படுத்தலுக்கு இடமில்லை. அந்த 1,024 ரோபோக்களும் நட்சத்திரமாக அணிவகுக்க ஏறக்குறைய பன்னிரண்டு மணித்தியாலம் சென்றது. அதுவும் வழுவழுப்பான மேசையில். சேற்று வயலில் அவை ஓரடிகூட நகரமாட்டா. ஆனால் இதன் பொருள், செய்ய வேண்டிய ஆராய்ச்சி இன்னும் நிறைய மிஞ்சியிருக்கின்றது என்பதே. சேற்றில் நகரும் திரளை யார் செய்வது? சேற்றை அறிந்தவர்களின் பிள்ளைகள்தானே?

வயலுக்கு வரும்போது

இயந்திரம் வயலுக்கு வருவதால் என்ன நடக்கும் என்பதை நாம் புத்தகத்தில் படிக்க வேண்டியதில்லை. கடந்த இருபது ஆண்டுகளுக்குள் பெரிய அறுவடை மெசின் எமது வயல்களுக்கு வந்தது. பல நாள் வேலை சில மணித்தியாலத்தில் முடிந்தது. காணி வைத்திருந்தவருக்கு அது வசதி. மழைக்கு முன் நெல் வீடு வந்து சேர்ந்தது. ஆனால் அரிவாளோடு கூட்டமாக வெட்டப் போனவர்கள், சூடு மிதித்தவர்கள், கதிர் பொறுக்கிய பெண்கள் ஆகியோருக்கு அது என்ன கொண்டுவந்தது? காணியில்லாத இடம்பெயர்ந்த குடும்பங்களுக்கு இருந்த ஒரே மாரிகால வருமானம் அதனோடு போயிற்று. அவர்களிடம் எவரும் முன்கூட்டிக் கேட்கவில்லை. மாற்று வேலை எதுவும் ஆயத்தம் செய்யப்படவும் இல்லை.

பெரிய மெசின் பெரிய வயலுக்காகச் செய்யப்பட்டது. அதன் பாரம் மண்ணை இறுக்குகின்றது. சிறிய துண்டு வயல்களில் திரும்ப இடமில்லை. அதை வாங்கப் பெரும் பணமுள்ளவராலேயே முடியும். சிறு இயந்திரங்களின் திரள் இதற்கு மாறானது. ஜேர்மனியில் 2014 முதல் 2016 வரை நடந்த ஓர் ஆராய்ச்சித் திட்டத்தில், சோளம் விதைக்கும் சிறு ரோபோக்கள் கூட்டமாக வேலை செய்யும் முறை பரிசோதிக்கப்பட்டது. இத்தாலிய விஞ்ஞானிகள் சிறு ஆளில்லா வானூர்திகளின் திரளைக் கொண்டு பீற் கிழங்கு வயலில் களை எங்கே இருக்கின்றது என்று தேடும் முறையை ஆராய்ந்தனர். முழு வயலுக்கும் மருந்தடிப்பதை விட்டு, களை நிற்கும் இடத்தில் மட்டும் கை வைப்பதே நோக்கம். எல்லாம் வெற்றி பெற்றதாகவும் சொல்வதற்கில்லை. இப்படிச் சிறு ரோபோக்களைச் செய்ய 2017இல் பிரித்தானியாவில் தொடங்கிய ஒரு கம்பனி 2024இல் மூடப்பட்டது.

சோளமும் பீற் கிழங்கும் எமது பயிரல்ல. எமது வயலில் பன்றிநெல் பெரும் தொல்லை. இளம் பருவத்தில் அது நெல்லைப் போலவே இருக்கும். நெல்லைக் காப்பாற்றி அதை மட்டும் கொல்லும் களைநாசினி சாதாரண வேளாண்மையில் இல்லை. பழகிய கமக்காரரின் கண்தான் அதைப் பிரித்தறிகின்றது. அந்தக் கண்ணை ஒரு சிறு சில்லுக்குள் வைக்க முடியுமா என்பது ஒரு கலாநிதிப் பட்டத்துக்குப் போதுமான கேள்வி. அறக்கொட்டியான் வயலின் எந்த மூலையில் முதலில் இறங்கியது என்பதை மறுநாளே சொல்லக்கூடிய மலிவான கருவி இன்னொரு கேள்வி. அறுவடைக் காலத்தில் யானை வரும் திசையைக் காவற் பரணில் இருப்பவருக்கு முன்கூட்டி அறிவிக்கும் சிறு கருவிகளின் வலை மூன்றாவது. வாய்க்காலின் வால்பக்கத்துக்குத் தண்ணீர் வந்து சேர்ந்ததா என்பதை வரம்பில் நின்றே காட்டும் கருவி நான்காவது. இவற்றை ஐரோப்பாவிலுள்ள எந்தப் பேராசிரியரும் தாமாகக் கேட்கப் போவதில்லை. அவருக்குப் பன்றிநெல்லும் தெரியாது, யானைக் காவலும் தெரியாது.

கேட்காமல் செய்த பொறியியலின் விளைவை எமது கரையோரம் நன்கு அறியும். 2013ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட ஒலுவில் துறைமுகத்துக்காகக் காணிகள் சுவீகரிக்கப்பட்டன. துறைமுக வாயிலை மணல் மூடியது. அதற்கு வடக்கேயுள்ள கரையைக் கடல் அரித்தது. தென்னைகளும் காணிகளும் கடலுக்குள் போயின. 2021ஆம் ஆண்டில் இரசாயன உர இறக்குமதியை ஒரே நாளில் தடைசெய்து, பின்னர் அதே ஆண்டின் நவம்பரில் அதைக் கைவிட்ட அரசாங்கமும் கமக்காரரைக் கேட்டுச் செய்யவில்லை. அறிவு இல்லாமையால் வந்த துன்பங்களாக இவற்றை நாம் பார்க்கவில்லை. அறிவு இருந்த இடத்தில் எமது மக்களின் கேள்வி இருக்கவில்லை.

கல்லோயாவில் கண்ட திரள்

பட்டிப்பளை ஆற்றை மறித்து 1950களின் தொடக்கத்தில் கட்டி முடிக்கப்பட்ட சேனநாயக்க சமுத்திரம் எமது மாவட்டத்தின் உயிர். ஆனால் முப்பது ஆண்டுக்குள் இடதுகரை வாய்க்கால்கள் தூர்ந்து, மதகுகள் உடைந்து, தலைப்பக்கத்தார் தண்ணீரை எடுத்துக்கொள்ள வால்பக்கத்தார் வானம் பார்க்கும் நிலை ஏற்பட்டது. தலைப்பக்கத்தில் பெரும்பாலும் சிங்களக் கமக்காரர், வால்பக்கத்தில் தமிழ் பேசும் கமக்காரர். ஆகவே தண்ணீர்ச் சண்டை இனச் சண்டையாக மாறும் ஆபத்தும் இருந்தது.

1981ஆம் ஆண்டில் கொழும்பிலுள்ள கமநல ஆராய்ச்சிப் பயிற்சி நிறுவகமும் அமெரிக்காவின் கோர்னெல் பல்கலைக்கழகமும் இணைந்து இங்கு ஒரு வேலையைத் தொடங்கின. படித்த இளைஞர்களும் யுவதிகளும் அமைப்பாளர்களாகக் கிராமங்களில் தங்கினர். ஒரே வயல் வாய்க்காலில் தண்ணீர் எடுக்கும் சில குடும்பங்கள் ஒரு சிறு குழுவாயின. முதலில் வாய்க்காலைச் சிரமதானமாகத் துப்புரவு செய்தனர். பின்னர் முறைவைத்துத் தண்ணீர் பாய்ச்சினர். மிஞ்சியதைக் கீழே அனுப்பினர். மேலதிகாரியின் உத்தரவுக்குக் காத்திராமல், பக்கத்து வயல்காரனைப் பார்த்து எடுத்த முடிவுகள் வாய்க்கால் முழுவதையும் திருத்தின. சிங்களக் கமக்காரர் சேமித்த தண்ணீர் தமிழ் பேசும் கமக்காரரின் வயலுக்கு வந்தது. அத்திட்டத்தில் ஈடுபட்ட பேராசிரியர் நோர்மன் அப்ஹோப் 1992இல் இதைப் பற்றி ஒரு நூலே எழுதினார்.

திரள் ரோபோ ஆராய்ச்சியாளர் இன்று சில்லுகளைக் கொண்டு தேடும் விடை, எமது மாவட்டத்தின் வாய்க்கால் ஓரத்தில் மனிதர்களைக் கொண்டு கிடைத்த விடைதான். அண்டை அயலார் ஒருவரை ஒருவர் பார்த்து நடந்தால் முழுமை தானாக ஒழுங்குபடும். ஆகவே இத்துறைக்குள் எமது பிள்ளை பிச்சைப் பாத்திரத்தோடு நுழைய வேண்டியதில்லை. கொண்டுபோவதற்கு அவனிடமும் அவளிடமும் பொருள் இருக்கின்றது.

ஒலுவிலிலிருந்து தொடங்கும் பாதை

தென்கிழக்குப் பல்கலைக்கழகம் இடம்பெயர்வின் பிள்ளை என்பதை நாம் மறந்துவிடலாகாது. போரினால் யாழ்ப்பாணத்திலும் வந்தாறுமூலையிலும் படிப்பைத் தொடர முடியாமற்போன மாணவர்களினதும் ஆசிரியர்களினதும் தேவையிலிருந்து, எம்.எச்.எம். அஷ்ரப் அவர்களின் முயற்சியால் 1995ஆம் ஆண்டில் அது பல்கலைக்கழகக் கல்லூரியாகத் தோன்றி, மறுவருடம் பல்கலைக்கழகமாயிற்று. இன்று ஒலுவிலில் பொறியியல் பீடமும் தொழில்நுட்ப பீடமும், சம்மாந்துறையில் பிரயோக விஞ்ஞான பீடமும் உண்டு. அகதிகளாக வந்த மாணவர்களுக்காக எழுந்த கட்டடங்களுக்குள் இன்றைய இடம்பெயர்ந்த குடும்பத்தின் பிள்ளை தயங்கி நிற்க வேண்டிய அவசியம் என்ன?

பாதை நீண்டது, ஆனால் மறைவானதல்ல. உயர்தரத்தில் கணிதப் பிரிவோ, 2013இல் தொடங்கிய தொழில்நுட்பப் பிரிவோ படித்தவர்கள் பல்கலைக்கழகம் நுழையலாம். நான்கு வருடப் பொறியியல் பட்டத்தின் இறுதி ஆண்டில் ஒவ்வொரு மாணவரும் ஓர் ஆய்வு வேலையைச் செய்ய வேண்டும். அந்த வேலையே கலாநிதிப் பட்டத்தின் வாசற்படி. அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் பல, முதற்பட்டம் முடித்தவரையே நேரடியாகக் கலாநிதிப் பட்டத்துக்கு எடுக்கின்றன. ஐரோப்பிய நாடுகள் பலவற்றில் முதலில் முதுமாணிப் பட்டம் தேவை. பேராசிரியரின் ஆய்வுக் கட்டுரை ஒன்றை ஊன்றி வாசித்து, தான் செய்த வேலையையும் செய்ய விரும்பும் வேலையையும் ஒரு பக்கத்துக்குள் எழுதி அனுப்புவதே வழக்கமான முதற்படி. பின்னர் ஆங்கிலத் தேர்ச்சிப் பரீட்சையும் இரண்டு மூன்று ஆசிரியர்களின் சிபாரிசுக் கடிதங்களும் வேண்டும்.

பழகுவதற்குப் பெரிய ஆய்வுகூடம் தேவையில்லை. பிரசல்ஸில் செய்யப்பட்ட 'ஆர்கோஸ்' என்ற திரள் ரோபோ மென்பொருளும், 'வெபொட்ஸ்' என்ற இன்னொன்றும் இலவசமாகக் கிடைக்கின்றன. 'ஆர்டுயினோ', 'ஈஎஸ்பி 32' முதலிய சிறு மின்சுற்றுப் பலகைகளின் விலை ஒரு மூட்டை உரத்தின் விலையில் சிறு பங்கு. அம்பாறை ஹாடி நிறுவகத்தில் தொழில்நுட்பம் படிக்கும் பிள்ளையும், கல்முனையில் உயர்தரம் படிக்கும் பிள்ளையும் இவற்றைக் கொண்டு இன்றே தொடங்கலாம்.

பெண்பிள்ளைகளைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியிருக்கின்றது. எமது பகுதியில் உயர்தரத்தில் திறமையாகச் சித்தியடைபவர்களில் பெண்பிள்ளைகள் குறைவல்லர். ஆனால் இயந்திரம் சம்பந்தப்பட்ட படிப்பென்றால் வீட்டிலேயே கதவு சாத்தப்படுகின்றது. இத்துறையின் முன்னணியில் நிற்பவர்களுள் ஒருவர் அமிர்தசரசில் வளர்ந்த ஒரு பெண் என்பதைப் பெற்றோர் மனதில் வைக்க வேண்டும்.

பணம் யார் கொடுப்பது?

எமது குடும்பங்கள் முதலில் கேட்பது இதுதான். ஆதலால் தெளிவாகச் சொல்கின்றோம். பொறியியற் துறையில் ஒழுங்கான கலாநிதிப் பட்ட இடம் பெரும்பாலும் மாணவருக்குப் பணம் கொடுக்கும் இடம். மாணவரிடம் பணம் வாங்கும் இடமல்ல. அமெரிக்காவில் கற்பித்தல் உதவியாளராகவோ ஆராய்ச்சி உதவியாளராகவோ வேலை செய்பவருக்குப் படிப்புக் கட்டணம் நீக்கப்பட்டு, மாதப் படியும் கிடைக்கும். ஜேர்மனி, நெதர்லாந்து, சுவீடன் போன்ற நாடுகளில் கலாநிதிப் பட்ட மாணவர் பெரும்பாலும் சம்பளம் பெறும் உத்தியோகத்தர். ஐரோப்பிய ஒன்றியத்தின் மேரி கியூரி திட்டத்தில் எந்த நாட்டவரும் விண்ணப்பிக்கலாம். போகும் நாட்டில் முந்திய மூன்று ஆண்டுகளுக்குள் பன்னிரண்டு மாதத்துக்கு மேல் வசித்திருக்கக்கூடாது என்பது அதன் விதிகளுள் ஒன்று. இவற்றோடு பொதுநலவாயப் புலமைப்பரிசில், ஜப்பான் கல்வி அமைச்சின் புலமைப்பரிசில், அவுஸ்திரேலியப் பல்கலைக்கழகங்களின் ஆராய்ச்சிப் புலமைப்பரிசில் ஆகியனவும் உண்டு. போட்டி கடுமையானது. ஒரு தடவை கிடைக்காவிட்டால் மறுதடவை முயல வேண்டும்.

ஆகவே 'கலாநிதிப் பட்டத்துக்கு வெளிநாட்டில் இடம் எடுத்துத் தருகின்றோம், இத்தனை இலட்சம் முற்பணம் கட்டுங்கள்' என்று வருபவரிடம் எமது குடும்பங்கள் மிக எச்சரிக்கையாக இருக்க வேண்டும். நகையையும் கடைசித் துண்டுக் காணியையும் ஈடுவைத்துக் கட்ட வேண்டிய பணம் அல்ல அது. உண்மையான இடத்துக்கு மாணவரே பல்கலைக்கழகத்துக்கு எழுதலாம். விண்ணப்பக் கட்டணம், பரீட்சைக் கட்டணம், கடவுச்சீட்டு, விசா, முதற் பயணச் சீட்டு ஆகியவற்றுக்குச் செலவு உண்டு. வறிய குடும்பத்துக்கு அதுவும் பெரிய தொகைதான். ஆனால் அது ஒரு சமூகம் சேர்ந்து தூக்கக்கூடிய பாரம்.

இடம்பெயர்ந்தவருக்கு வேறு தடைகளும் உண்டு. பிறப்பத்தாட்சிப் பத்திரம் கலவரத்திலோ 2004ஆம் ஆண்டின் சுனாமியிலோ போயிருக்கும். பெயர் ஒரு பத்திரத்தில் ஒருவிதமாகவும் இன்னொன்றில் வேறுவிதமாகவும் எழுதப்பட்டிருக்கும். பல்கலைக்கழக விரிவுரையாளராகி அரசாங்க விடுமுறையில் மேற்படிப்புக்குப் போகின்றவர் பிணை எழுதிக் கொடுக்க வேண்டும்; காணியுறுதியும் செல்வாக்குள்ள உறவும் இல்லாத குடும்பம் பிணையாளியை எங்கே தேடும்? பிள்ளை உயர்தர வகுப்பில் இருக்கும்போதே பத்திரங்களைச் சரிசெய்து வைப்பது பெற்றோரின் கடமை.

போருக்குப் போகும் அறிவு

இந்த ஆராய்ச்சியின் இருண்ட பக்கத்தையும் மறைக்கலாகாது. ஒன்றாக இயங்கும் சிறு வானூர்திகள் களை தேடுவது போலவே மனிதரையும் தேடும். அமெரிக்கப் பாதுகாப்பு ஆராய்ச்சி முகவரகமான டார்ப்பா, நகர்ப்புறச் சண்டையில் 250 வரையான ரோபோக்களைத் திரளாக ஏவும் முறையை 2017 முதல் சில ஆண்டுகள் ஆராய்ந்தது. கொல்லும் முடிவை இயந்திரத்திடம் ஒப்படைக்கலாகாது, அத்தகைய ஆயுதங்களைத் தடைசெய்ய வேண்டும் என்று மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் அவர்கள் 2024 ஜூன் மாதத்தில் ஜீ-7 நாடுகளின் மாநாட்டிலேயே நேரில் போய்ச் சொன்னார்கள்.

1985ஐயும் 1990ஐயும் கண்டவர்கள் நாம். தமிழரும் முஸ்லிம்களும் ஒருவருக்கொருவர் பயந்து ஊரைவிட்டு ஓடிய இரவுகளை மறக்கவில்லை. ஆகவே ஆராய்ச்சிக்குப் போகும் எமது பிள்ளைகளிடம் நாம் ஒன்றைக் கேட்டுக்கொள்ளும் உரிமை உடையோம். எந்தப் பணத்தில் ஆராய்ச்சி நடக்கின்றது, அதன் பலன் எங்கே போகின்றது என்று விசாரித்துவிட்டுக் கையொப்பமிடுங்கள். இதைக் கேட்கும் துணிவு, போரின் கீழ் வாழ்ந்த மக்களின் பிள்ளைகளுக்கு இல்லாவிட்டால் வேறு யாருக்கு இருக்கும்?

நாம் செய்ய வேண்டியவை

முதலாவதாக, காணிப் பிரச்சினைக்கு இயந்திரம் மருந்தல்ல. வட்டமடுவிலும் ஒலுவிலிலும் வேறு இடங்களிலும் காணிக்காக அலையும் குடும்பத்துக்கு முதலில் வேண்டியது காணியும் நட்டஈடும். புதிய தொழில்நுட்பத்தைக் காட்டி அக்கோரிக்கையை எவரும் பின்தள்ள நாம் இடங்கொடுக்கலாகாது. பிள்ளையின் படிப்பும் காணியின் மீட்பும் ஒரே போராட்டத்தின் இரண்டு கைகள்.

இரண்டாவதாக, கிராமப்புறப் பாடசாலைகளில் கணித, விஞ்ஞான ஆசிரியர் பற்றாக்குறையைப் பற்றிப் பெற்றோர் ஒன்றுசேர்ந்து வலயக் கல்விப் பணிமனையிடம் கேட்க வேண்டும். உயர்தரத்தில் கணிதப் பிரிவே இல்லாத ஊரிலிருந்து கலாநிதி வரமாட்டார்.

மூன்றாவதாக, ஆலய சபைகளும் பள்ளிவாசல் நம்பிக்கையாளர் சபைகளும் கோயில் பரிபாலன சபைகளும் சேர்ந்து, விண்ணப்பச் செலவுக்கும் பரீட்சைக் கட்டணத்துக்கும் பயணத்துக்கும் உதவும் ஒரு பொது நிதியை வைக்கலாம். உண்டியற் காணிக்கையும் ஸக்காத்தும் ஒரே பிள்ளையின் பயணச் சீட்டில் சேர்வது எமது கரையோரத்துக்கு எவ்வளவு பெரிய நன்மை!

நான்காவதாக, ஒலுவிலிலுள்ள பீடங்களின் இறுதியாண்டு மாணவர்கள் ஆய்வுக்குத் தலைப்புத் தேடும்போது கமக்காரர் அமைப்புகளிடம் வர வேண்டும். அமைப்புகளும் தமது கேள்விகளை எழுத்தில் கொடுத்து வைக்க வேண்டும். பன்றிநெல், யானை, வால்பக்கத் தண்ணீர் என்ற மூன்று சொற்களுடன்கூடத் தொடங்கலாம்.

ஐந்தாவதாக, இயந்திரம் வரும்போது அதன் உடைமை யாருக்கு என்பதை இப்போதே பேச வேண்டும். இந்தியாவில் 2023ஆம் ஆண்டில், மருந்தடிக்கும் ஆளில்லா வானூர்திகளை 15,000 பெண்கள் சுயஉதவிக் குழுக்களுக்குக் கொடுக்கும் திட்டத்துக்கு மத்திய அரசு அனுமதியளித்தது. அதன் பலாபலன் எப்படியாயினும், இயந்திரத்தைக் குழுவின் கையில் கொடுப்பது என்ற எண்ணம் நல்லது. சிறு இயந்திரங்களின் திரளை ஒரு முதலாளி வாங்கினால் அதுவும் அறுவடை மெசினைப் போலவே கூலியாளின் வயிற்றில் அடிக்கும். காணியில்லாத குடும்பங்களின் சங்கம் அதை வைத்திருந்து வயலுக்கு வயல் வாடகைக்குக் கொண்டுபோனால், இழந்த மாரிகால வருமானத்தில் ஒரு பங்காவது திரும்பக்கூடும்.

இறுதியாக, போகின்ற பிள்ளைகளுக்கு. 2022ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடிக்குப் பின்னர் படித்தவர்கள் பலர் நாட்டை விட்டுப் போயினர். அவர்களைக் குறைகூற நாம் விரும்பவில்லை. திரும்பி வருவது ஒருவழி. அங்கிருந்தே எமது கேள்வியை ஆராய்வதும், விடுமுறையில் வந்து ஒலுவில் மாணவருக்கு வழிகாட்டுவதும் இன்னொரு வழி. எந்த வழியானாலும் வந்த வழியில் ஒரு தடத்தை விட்டுச் செல்லுங்கள். முதலில் போன எறும்பு விட்ட வாசனையைப் பிடித்துத்தான் மற்றவை போகின்றன. எமது ஊர்களிலிருந்து முதலாவது பிள்ளை போய்விட்டால், இரண்டாவது பிள்ளைக்கு வழி தெரியும்.